பூஜ்யம் காட்டிய மூக்கு

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "பெட்டி மேய்க்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். மாடு மேய்ப்பதைவிட இது கௌரவமான தொழில் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாடு பால் தரும், சாணி போடும், உடம்புக்கு ஆகவில்லை என்றால் கத்தும். என் பெட்டிகள் சும்மா கிடக்கும். கால் மணிக்கு ஒரு தடவை தூக்கத்திலிருந்து விழித்து, ஒரே ஒரு எண்ணை முணுமுணுத்துவிட்டு, மறுபடி தூங்கிப்போகும். அந்த முணுமுணுப்பு வயல் தாண்டி, ஏரி தாண்டி, என் ஆன்டெனாவுக்கு வந்து கேட்கும். சிம் கார்டு கிடையாது, வைஃபை கிடையாது, கரன்ட் கிடையாது. கட்டைவிரல் பருமனில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடும். "குறைவாப் பேசுறதுதான் இதோட ஆயுசு ரகசியம்" என்று ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் விளக்கினேன். "அப்ப நீங்க இன்னும் உயிரோட இருக்கிறதே அதிசயம்தான்" என்றாள் என் மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

நெல்லித்தோப்பில் ஒரு முட்டைக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. அதுதான் என் ஆபீஸ். தவளக்குப்பம் பக்கத்துத் தோட்டங்களில் தொட்டி நிரம்பிவிட்டதா என்று சொல்லும் பெட்டிகள், டவுனில் அடுக்குமாடி வீடுகளின் தண்ணீர் மீட்டர்கள், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒன்றிரண்டு கம்பெனிகள், எல்லாம் சேர்ந்து என் மந்தை. ஆன்டெனாக்களில் ஒன்று டவுனில் ஒரு சொல்தா வீட்டு மாடியில் நிற்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வாடகையே வேண்டாம் என்ற புண்ணியவான். ஆனால் மழைக்கு அவர் டிவியில் படம் நின்றாலும் என் ஆன்டெனாவைத்தான் பிரெஞ்சில் திட்டுவார். எனக்குப் புரியாது என்பதால் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்வேன்.

இந்தப் பெட்டிகளிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. நாம் கூப்பிட்டால் காதில் விழாது. அதுவாகப் பேசி முடித்த பிறகு ஒரு மூச்சு நேரம் காதைத் திறந்து வைக்கும். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிட வேண்டும். தவறினால் அது அடுத்த தடவை வாயைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மாமனாரிடம் பெண் கேட்கப் போன அனுபவம் இருந்ததால் எனக்கு இது புதிதாகப் படவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு புள்ளி. ஒழுங்காகப் பேசினால் பச்சை. பேசாவிட்டாலோ, சொல்லக்கூடாத எண்ணைச் சொன்னாலோ சிவப்பு. காலையில் டீயோடு உட்கார்ந்து சிவப்பைத் தேடுவேன். இருந்தால் ஸ்கூட்டரை எடுப்பேன். இல்லாவிட்டால் இரண்டாவது டீ. பச்சைப் புள்ளியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவன் இந்தத் தொழிலில் யாரும் கிடையாது. நன்றாக விளையாடுகிற பிள்ளையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

சேதராப்பட்டு வேலையை எனக்கு வாங்கித் தந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. அங்கே அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் பம்ப் ஃபிட்டர். அவர்கள் அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடின பிறகும் அந்த வீட்டில் இயந்திரம் என்றால் ஒரு பயபக்தி. மிக்ஸியைக்கூடத் துடைத்துத் துணி போர்த்தித்தான் வைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் "எங்க மாமா பெரிய இன்ஜினியரு" என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். நான் டிப்ளமோ. அதிலும் ஒரு பேப்பர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் பாஸ் ஆனது. மச்சான் தன் வாயாலேயே என்னை இன்ஜினியர் ஆக்கினான்.

அந்தக் கம்பெனியின் பின்பக்கம் ஒரு கழிவுநீர்க் கிணறு. பசையும் காகிதக் கூழும் கலந்த தண்ணீர் அதில் வந்து சேரும். அடியில் இருக்கும் மோட்டார் அதை இறைத்துச் சுத்தம் செய்ய அனுப்பும். மோட்டாரில் கூழ் சுற்றிக்கொண்டால் யாராவது ஏணியில் இறங்க வேண்டும். தேங்கின கூழில் ஒரு வாயு ஊறும். அழுகின முட்டை நாற்றம். அந்த வாயுவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அது நாறும். அதிகமானால் நாறாது. மனுஷனின் மூக்கை முதலில் சாகடித்துவிட்டு, அப்புறம்தான் மனுஷனிடம் வரும்.

அதனால்தான் அங்கே என் பெட்டி. கிணற்றின் உள்ளே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஓர் இரும்புப் பட்டையில் தொங்கும். வாயுவை முகர்ந்து எண்ணாகச் சொல்லும். கம்பெனியில் அதற்கு 'மூக்கு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வெளியே ஒரு கம்பத்தில் விளக்கு. பச்சை எரிந்தால் இறங்கலாம், சிவப்பு எரிந்தால் கூடாது. விளக்கு கரன்ட்டில் ஓடுவதால் அதற்கு எந்நேரமும் காது திறந்திருக்கும். என் ஆபீஸிலிருந்தே நிறத்தை மாற்றலாம். மாட்டிய அன்று சேஃப்டி சூப்பர்வைசர் உட்பட எல்லோரையும் நிற்க வைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "விளக்கு வெறும் பல்புங்க. பல்பு பொய் சொல்லும். நம்பர் பொய் சொல்லாது. போன்ல நம்பரைப் பாருங்க, நம்பரை நம்புங்க." கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து பிரியாணி அண்டா வந்து இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது நடந்தது ஐப்பசி கடைசியில். கடலில் எதுவோ சுழன்றுகொண்டிருந்தது. காலையிலேயே சாயங்காலம் மாதிரி ஒரு வெளிச்சம். ஓர் இலைகூட அசையவில்லை. கீழே முட்டைக் கடைக்காரர் உடைந்ததையெல்லாம் வாய்க்காலில் கொட்டியிருந்தார் போல, என் அறை முழுக்க வாடை. டீயோடு உட்கார்ந்தேன். எல்லாப் புள்ளியும் பச்சை. மழைக்காலத்தில் அப்படி அமைவது அபூர்வம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ அந்தத் திரை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஏதோ ஒன்றை மறைக்கும்போது விருந்தாளிக்குக் காட்டுகிற சிரிப்பு மாதிரி இருந்தது.

மச்சான் போன் செய்தான்.

"இன்னா மாமா, இன்ஜினியர் எழுந்துட்டாரா?"

"எழுந்து பல்லும் வெளக்கிட்டாரு. சொல்லுடா மச்சான்."

"இன்னைக்கு மோட்டார் தூக்கப்போறோம். கூழு சுத்திக்கிச்சு. நான்தான் எறங்குறேன். உங்க லைட்டு பச்சதான் எரியுது. இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்கலாம்னு."

"நாத்தம் எப்படி இருக்கு?"

"மூடியத் தொறந்தப்போ கொடலப் பொரட்டுச்சு. இப்ப ஒண்ணும் தெரியல. பழகிடுச்சு."

"சரி இரு, பார்த்துட்டுச் சொல்றேன்."

"எனக்கு அடிக்காதீங்க. போன லாக்கர்ல வச்சிடுவேன், கெணத்துக்கிட்ட எங்களுக்குப் போன் கூடாது. சூப்பர்வைசருக்கு அடிங்க. அக்காகிட்ட சொல்லுங்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்னு."

வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் அந்தப் 'பழகிடுச்சு' என் காதில் சரியாக விழுந்தது.

பச்சைப் புள்ளியைத் திறந்தேன். பூஜ்யம். அதற்கு முந்தின கால் மணியில் பூஜ்யம். அதற்கு முன்னும் பூஜ்யம். திரையைக் கீழே தள்ளத் தள்ள, ஒன்றன் கீழ் ஒன்றாக, பள்ளிக்கூட வரிசை மாதிரி ஒழுங்காகப் பூஜ்யங்கள் நின்றன. நேற்றும். முந்தாநாளும்.

அந்த மூக்கைக் கம்பெனியில் மாட்டுவதற்கு முன் என் மேஜை மேல் வைத்துத்தான் சோதித்தேன். கீழே முட்டை உடைந்த நாட்களில் ஒன்று, இரண்டு என்று காட்டும். முள்ளங்கி சாம்பார் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு மத்தியானம் மூன்று காட்டியது. வாடிக்கையாளர்களிடம் அதை நான் சொல்வதில்லை. என் அறையே இந்த லட்சணம் என்றால், கழிவுநீர்க் கிணறு எப்படிப் பூஜ்யம்? சேதராப்பட்டுக் கிணறு என் ஆபீஸைவிடச் சுத்தமா?

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

இன்னும் கீழே போனேன். ஓர் இடத்தில் பூஜ்யங்கள் தீர்ந்து, பழைய எண்கள் வந்தன. ஐந்து, ஒன்பது, நாலு, பதினொன்று. ஏறி இறங்குகிற, உயிருள்ள எண்கள். எந்த நாளோடு அவை நின்றன என்று பார்த்தேன். ஆயுத பூஜை. பூஜை போட்டார்கள், பூஜ்யம் வந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு வரியை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

பெட்டியிடமே கேட்கலாம் என்று, 'உன் உடம்பு எப்படி இருக்கிறது, சொல்' என்று ஒரு கட்டளை அனுப்பினேன். அது தூங்கிக்கொண்டிருந்தது. கட்டளை வரிசையில் போய் நின்றுகொண்டது. விளக்கைச் சிவப்பாக்கினேன். அதற்குத்தான் காது திறந்திருக்குமே, உடனே மாறியது. சூப்பர்வைசருக்கு அடித்தேன்.

"சார், இப்பத்தான் உங்களுக்கு அடிக்கலாம்னு போன எடுத்தேன். உங்க லைட்டு ரிப்பேரு."

"ரிப்பேர் இல்லைங்க. நான்தான் சிவப்பு போட்டேன். யாரையும் எறக்காதீங்க. மூக்கு பொய் சொல்லுது."

"நம்பர் பூஜ்யம்னு காட்டுதே சார்."

"அந்தப் பூஜ்யம்தாங்க பொய்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? நீங்கதான சார் சொன்னீங்க, பல்பு பொய் சொல்லும், நம்பர் பொய் சொல்லாதுன்னு. இப்ப பல்பு நெஜம், நம்பர் பொய்யா? உங்க மச்சான் அப்பவே சொன்னாரு, மாமா எதனா காமெடி பண்ணுவாருன்னு."

"காமெடி இல்லைங்க. சத்தியமாச் சொல்றேன்."

"போன தடவையும் சத்தியமாத்தான் சொன்னீங்க. பெட்டிக்கு ஜலதோஷம், தைலம் தடவுங்கன்னு. எங்க ஆளு ஒருத்தன் நெஜமாவே தடவிட்டான் சார்."

"ஐயா, கொஞ்சம் கேளுங்க..."

"தண்ணி ரொம்புது. மோட்டார் ஏறலன்னா லைன் நிக்கும். நீங்க வந்து பொறுமையா லைட்டப் பாருங்க." வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

புலி வருது புலி வருது என்று விளையாடினவன் கதையில், கடைசியில் புலியிடம் மாட்டிக்கொள்கிறவன் சொன்னவன்தான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே சொன்னவன் நான், நெல்லித்தோப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கிணற்றில் இறங்கப்போகிறவன் வேறு ஆள்.

ஸ்கூட்டரை எடுத்தேன். கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு வரும், கொஞ்ச தூரம் போனால் மறுபடி புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு. சாராயக் கடை போர்டு அடுக்கடுக்காகத் தெரிந்தால் நம்ம ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு எந்த போர்டும் என் கண்ணில் படவில்லை. வானம் தாழ்ந்து லாரிகளின் தலையில் உட்கார்ந்திருந்தது. மழை பெய்தாலாவது வேலையை நிறுத்துவார்கள் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை.

பாதி வழியில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மூக்கு விழித்துப் பேசியிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டினேன். நான் அனுப்பிய கட்டளையை வாங்கிக்கொண்டு மரியாதையாகப் பதிலும் அனுப்பியிருந்தது. பேட்டரி நலம். சிக்னல் நலம். சென்சார் நலம். வாயு பூஜ்யம்.

நிஜமாகப் பயம் வந்தது அப்போதுதான். கெட்டுப்போன பெட்டி பொய் சொன்னால் அதில் ஆச்சரியமில்லை. இது ஒரு குறையும் இல்லாத பெட்டி. நல்ல பேட்டரி, தெளிவான குரல். அந்தக் குரலில், நேரம் தவறாமல், ஒரு பொய். அந்தப் பொய்யை அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். "இன்னா சார், மூஞ்சில சிரிப்பக் காணோம்? வூட்ல சண்டையா?" வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

கிணற்றின் மேல் மோட்டாரைத் தூக்க இரும்பு முக்காலி நிறுத்திச் சங்கிலி தொங்கவிட்டிருந்தார்கள். விளக்கின் வயரைப் பிடுங்கி, கம்பத்திலேயே அழகாகச் சுற்றி வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கயிற்றின் மறுமுனை மச்சான் இடுப்பில். அவன் தலையும் தோளும் மட்டும் விளிம்புக்கு மேலே தெரிந்தன.

"மாமா! சாப்பாட இங்கயே கொண்டாந்துட்டீங்களா?"

"மேல ஏறுடா! உள்ள காத்து கெட்டுப்போயிருக்கு!"

"அட, நாத்தமே இல்ல மாமா. உங்க ரூம விட நல்லா இருக்கு." கயிறு பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு படி இறங்கினான். தோள் மறைந்தது.

"அவனைத் தூக்குங்க" என்றேன் அந்த இரண்டு பேரிடமும். அவர்கள் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். அவர் போனை என் முகத்துக்கு நேரே காட்டினார். "பூஜ்யம் சார். இதோ. உங்க நம்பரு."

எட்டிப் பார்த்தேன். என் மூக்கு தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். அதன் மேல் புத்தம் புதிய பாலிதீன் உறை, இடுக்குகூட இல்லாமல் இழுத்துக் கட்டி, சணலில் முடிச்சுப் போட்டிருந்தது. எங்கள் வீட்டு டிவி ரிமோட்டும் வாங்கிய அன்று போட்ட உறைக்குள்தான் இருக்கிறது. கார் சீட்டின் பிளாஸ்டிக்கைக் கிழித்தால் எங்கள் ஆட்களுக்கு மனசு கிழிந்துவிடும். விலை உயர்ந்த சாமான் என்றால் மூட வேண்டும், அவ்வளவுதான். இதை இங்கே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பார்த்த எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும். ரேடியோவுக்குப் பாலிதீன் ஒரு பொருட்டே இல்லை. பேச்சு வெளியே போகும். காற்று உள்ளே வராது. ஆயுத பூஜை அன்றைய நல்ல காற்றை உறைக்குள் வைத்துக்கொண்டு, அதையே முகர்ந்து முகர்ந்து, பூஜ்யம் பூஜ்யம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

மச்சானின் தலையும் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. இருட்டில் அவன் மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. இந்த உறையைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்தால் அவன் சிரித்துக்கொண்டே அடிவரைக்கும் போய்விடுவான். என் வாயிலிருந்து வரும் உண்மைக்கு அங்கே மதிப்பில்லை. அதனால் பொய் சொன்னேன்.

"டேய், உன் அக்கா மயக்கம் போட்டு விழுந்துட்டாடா! ஆஸ்பத்திரியில இருக்கா! உன்னக் கேக்குறா!"

ஹெல்மெட் நின்றது.

அவன் மேலே திரும்பினான். முதல் சில படிகளை வேகமாக ஏறினான். அப்புறம் ஒரு படியில் நின்றான். கை ஏணியைப் பிடிக்கவில்லை, தடவியது. கயிறு பிடித்தவர்கள் என்ன நினைத்தார்களோ, சொல்லாமலே இழுத்தார்கள். விளிம்பில் வந்து உட்கார்ந்ததும், "கால் வெலவெலக்குது மாமா. அக்காவுக்கு இன்னா ஆச்சி?" என்றான். முகம் மாவு மாதிரி இருந்தது. நான் சொன்ன சேதியால்தான் அப்படி ஆனது என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். அவனும்.

என் போனைப் பிடுங்கி அக்காவுக்கு அடித்தான். ஸ்பீக்கரில் என் மனைவியின் குரல் கிணற்றடி முழுக்கக் கேட்டது. "நான் நல்லாத்தான்டா இருக்கேன், மீன் கழுவிக்கிட்டு இருக்கேன். எவன்டா சொன்னது?"

போனை வைத்தான். என்னைப் பார்த்தான். "யோவ்" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை யோவ் என்றான். "எதுல வெளையாடுறதுன்னு ஒரு இது இல்ல? அக்காவ வச்சா வெளையாடுவ? மூணு கெழம சாமி கும்புடுறவ அவ!" நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். தள்ளுவதற்கு வலு இல்லாமல் அவனே தடுமாறினான்.

அங்கே கிடந்த நீளமான கொக்கிக் கம்பியை எடுத்து, தள்ளி நின்றபடியே உள்ளே விட்டு, அந்த உறையில் மாட்டி இழுத்தேன். பாலிதீன் கிழிய மாட்டேன் என்றது. நல்ல தரமான பாலிதீன். இன்னொரு தடவை இழுத்தேன். கிழிந்தது. ஒரு துண்டு கழன்று கீழே இருட்டுக்குள் மிதந்து போனது.

"போதும் சார்" என்றார் சூப்பர்வைசர். "நேரம் போவுது. உங்க குடும்ப விஷயத்த வெளிய போயி..."

அவர் சட்டைப் பையில் கெட்டிமேளம் கொட்டியது.

சொல்லக்கூடாத எண் வந்தால் மட்டும் என் பெட்டி கால் மணிக்காகக் காத்திருக்காது, உடனே கத்தும். அந்தக் கத்தலுக்கு என்ன சத்தம் வைக்கலாம் என்று கம்பெனியில் கேட்டபோது, கெட்டிமேளம் வையுங்கள், கெட்ட சத்தம் எதுவும் காதில் விழாது என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அவர் பையில் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் முழங்க, அந்த மனுஷர் போனை வெளியே எடுத்துப் பார்த்தார். மூன்று இலக்க எண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறியது. கயிறு பிடித்திருந்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். சூப்பர்வைசர் அந்த மேளத்தை நிறுத்தப் பார்த்தார். எங்கே அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

மூடியைத் தள்ளி மூடினார்கள். எல்லோரும் விலகி வேப்பமரத்தடிக்கு வந்தோம். மச்சானுக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவனே பேசினான்.

"உறைய நான்தான் கட்டினேன் மாமா."

"தெரியும்டா. முடிச்சப் பார்த்தேன், உங்க வீட்டு மிக்ஸித் துணியிலயும் அதே முடிச்சுதான்."

"பூஜ அன்னைக்கு மேல எடுத்துத் தொடச்சி, பொட்டு வச்சி... மழ பேஞ்சா மூடியில இருந்து சொட்டும். மிஷினு கெட்டுப்போனா உங்களத்தான சொல்லுவானுங்க. என் மாமா போட்ட மிஷினு."

அவன் முதுகில் கை வைத்தேன். திடீரென்று நிமிர்ந்தான்.

"மாமா, பூஜைக்கு அப்புறம் நான் எறங்கியிருக்கேன்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"தீவாளிக்கு மொத நாளு எறங்கினேன். வேல முடிச்சி நேரா உங்க வூட்டுக்குத்தான் வந்தேன். வாந்தி எடுத்தேனே, ஞாபகம் இருக்கா? அக்கா சுட்ட அதிரசத்தத்தான் கொற சொன்னேன், எண்ண சரியில்லன்னு. அக்கா மொகம் சுண்டிப்போச்சு. தல வேற ரெண்டு நாளு இடிச்சுது." போனை என் கையில் திணித்தான். "அன்னைக்குக் கெணத்துல எவ்ளோ இருந்துச்சுன்னு பாருங்க."

திறந்தேன். அவன் சொன்ன நாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒழுங்காக, ஒன்றன் கீழ் ஒன்றாக.

"பூஜ்யம்னு இருக்குடா."

"அது தெரியுது. நெஜமா எவ்ளோ?"

"தெரியாது மச்சான். முகர்ந்தாத்தான எழுதும். அது உறைக்குள்ள இருந்த காத்தத்தான் முகர்ந்திருக்கு."

"வேற எங்கயும் இருக்காதா? உங்க பெரிய கம்ப்யூட்டர்ல?"

"இருக்காதுடா. இதேதான் அங்கயும்."

கிணற்றுப் பக்கம் பார்த்தான். மூடியின் மேல் யாரோ ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள், ஏதோ அது போதும் என்பது போல. காற்று இன்னும் அசையவில்லை. "வாடா, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். எழவில்லை.

"இருங்க மாமா" என்றான். "அதுக்கு முந்தின வாரமும் ஒரு நாளு எறங்கினேன். என்கூட இன்னொருத்தனும் எறங்கினான். அதப் பாருங்க."